டோர் அறுவைக்குப் பின் பத்தாண்டு: ஸ்டிச் ஆய்வோடு எல்லாம் முடிந்ததா?

#1 | வைகைக்கரை

முன்சுவர் மாரடைப்புக்குப் பிறகு தழும்பாகி விரிந்துபோன இடது கீழறையை உள்ளிருந்து சுருக்கித் தைக்கும் டோர் அறுவை பற்றித் தெளிவு வேண்டும். துறைக் கூட்டத்தில் பேசுவதற்காகப் படிக்கிறேன். இந்த அறுவை செய்தவர்களைத் தொகுத்த ரெஸ்டோர் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாருக்கும் செய்யலாம் போலிருக்கிறது, பைபாஸ் மட்டும் செய்தவர்களோடு ஒப்பிட்ட ஸ்டிச் ஆய்வைப் பார்த்தால் யாருக்குமே செய்யக் கூடாது போலிருக்கிறது.

என் கேள்விகள்: நீண்டகால உயிர்வாழ்வு உண்மையில் எவ்வளவு? ஸ்டிச் சொன்ன முடிவு எல்லாருக்கும் பொருந்துமா? இல்லையென்றால் யாருக்குச் செய்வீர்கள்? வருடங்கள் போகப்போக எது கெடுகிறது? செய்து பார்த்தவர்களும் பின்தொடர்பவர்களும் எழுதினால் உதவியாக இருக்கும்.

#2 | தியேட்டர்_மூன்று

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்துக்கொள்வோம், இல்லாவிட்டால் இழை குழம்பிவிடும்.

1958-இல் டென்டன் கூலி ஹார்ட்-லங் மெஷின் துணையோடு அனியூரிஸத்தை (மெலிந்து புடைத்த சுவரை) வெட்டி எடுத்து நேர்கோட்டில் தைத்தார். அதில் வெளியே துருத்தும் பகுதி போகும், செப்டம் (இரு கீழறைகளுக்கும் நடுச்சுவர்) பக்கத் தழும்பு அப்படியே நிற்கும். 1980-களில் பிரேசிலில் ஜட்டேனேயும் மொனாக்கோவில் வின்சென்ட் டோரும் அந்தச் செப்டத்தையும் கணக்கில் எடுத்தார்கள். டோர் 1984-இல் தொடங்கி 1989-இல் வெளியிட்ட முறையில், தழும்பும் நல்ல தசையும் சந்திக்கும் எல்லையில் உள்ளே சுற்றுத் தையல் போட்டு இறுக்கி, மிஞ்சும் வாயை ஒட்டுப்போட்டு மூடுவார்கள். செப்டத்தின் தழும்பும் அறைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும்.

பாட்டிஸ்டா அறுவை இதன் உறவு இல்லை. அது விரிந்த இதயத்தின் பக்கச் சுவரிலிருந்து உயிருள்ள தசையையே வெட்டி எடுத்தது. கிளீவ்லாண்ட் கிளினிக்கின் 62 நோயாளிகளில் மூன்று வருட உயிர்வாழ்வு 60 சதவீதம், ஆனால் மரணம், மாற்று இதயம், மீண்டும் தீவிர இதயச் செயலிழப்பு போன்ற எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் 26 சதவீதம்தான். அத்தோடு அது கைவிடப்பட்டது. அந்தக் கெட்ட பெயர் டோர் மேலும் ஒட்டிக்கொண்டது நியாயமில்லை.

இப்போது எண்கள். ரெஸ்டோர் குழு 1998 முதல் 2003 வரை 1,198 பேருக்குச் செய்தது. முப்பது நாள் இறப்பு 5.3 சதவீதம். இஎஃப் (ஒரு துடிப்பில் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் சதவீதம்) சராசரி 29.6-இலிருந்து 39.5-ஆக ஏறியது. உடல் பரப்பு சதுர மீட்டருக்குக் கணக்கிட்ட சுருக்கக் கடைசிக் கொள்ளளவு (சுருங்கிய பின் அறையில் மிஞ்சும் ரத்தம்) 80.4 மி.லி.-யிலிருந்து 56.6-க்கு இறங்கியது. ஐந்து வருட உயிர்வாழ்வு 68.6 சதவீதம். ஐந்து வருடத்தில் இதயச் செயலிழப்புக்காக மறுபடி அட்மிட் ஆகாதவர்கள் 78 சதவீதம். மிலன் அருகே சான் டொனாட்டோவில் மெனிகாண்டி குழு 2007-இல் வெளியிட்ட 1,161 பேர் தொடரில் பத்து வருட உயிர்வாழ்வு 60 சதவீதத்துக்குச் சற்று மேலே.

#3 | புள்ளிக்கணக்கு

எண்கள் சரி. ஆனால் இரண்டிலும் ஒப்பிட ஆள் இல்லை. இவர்களில் பெரும்பாலோருக்கு அதே மேசையில் பைபாஸும் செய்யப்பட்டது, ரெஸ்டோரில் 95 சதவீதம் பேருக்கு. அந்த 68.6-இல் எவ்வளவு பைபாஸ் கொடுத்தது, எவ்வளவு டோர் கொடுத்தது? பதிவேடு இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

அதற்காகத்தான் ஸ்டிச். இஎஃப் 35 அல்லது அதற்குக் கீழ், முன்சுவர் பிரதானமாகக் கெட்ட 1,000 பேர். 499 பேருக்குப் பைபாஸ் மட்டும், 501 பேருக்குப் பைபாஸோடு கீழறைச் சீரமைப்பும். இடைநிலைப் பின்தொடர்வு 48 மாதம். மரணமோ இதயக் காரணத்துக்கான அட்மிஷனோ: 59 சதவீதம், 58 சதவீதம். மரணம் மட்டும் எடுத்தால் இரண்டு பக்கமும் 28. மார்வலி, நடக்கும் தூரம் எல்லாம் இரு பக்கமும் ஒரே அளவு தேறின. அமெரிக்க மையங்களின் செலவுக் கணக்கில் சீரமைப்புக்குச் சுமார் 14,500 டாலர் கூடுதல்.

2009-இல் வந்த இந்த முடிவைத் தாண்டிச் செல்ல இன்னொரு குலுக்கல்முறை ஆய்வு வேண்டும். அது வரவில்லை.

#4 | தியேட்டர்_மூன்று

> அதற்காகத்தான் ஸ்டிச்.

ஆய்வு ஒழுங்காக நடந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எந்த அறுவை சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். ஸ்டிச்சில் சீரமைப்புக்குப் பிறகு கொள்ளளவு குறைந்தது 19 சதவீதம். ரெஸ்டோரில் 80.4-இலிருந்து 56.6, அதாவது சுமார் 30 சதவீதம். பைபாஸ் மட்டும் செய்தவர்களுக்கே 6 சதவீதம் குறைந்தது என்றால் அறுவை கூடுதலாகக் கொடுத்தது மிகக் கொஞ்சம். மேலும் அதில் சேர்ந்தவர்களில் 87 சதவீதம் பேருக்குத்தான் முன்பு மாரடைப்பு நடந்த பதிவு உண்டு. தழும்பே இல்லாத சுவரில் டோர் தையல் போட்டால் வேலை செய்யக்கூடிய தசையைத்தான் வெளியே தள்ளுகிறோம். பாட்டிஸ்டாவின் தவறு அதுவேதான்.

தழும்பு எம்ஆர்ஐயில் உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் ஸ்டிச்சில் இல்லை. டோரே 2011-இல் எழுதியது இதைத்தான். அவர் செய்துவந்த பெருந்தழும்பு நோயாளிகள் ஸ்டிச்சின் வாசலுக்கு வெளியே நின்றவர்கள்.

#5 | எக்கோ_அறை

இருவரும் கொள்ளளவை வைத்தே வாதாடுகிறீர்கள். அந்த எண் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

சாதாரண எக்கோவில் நுனி வெட்டுப்பட்டுத் தெரிவது மிகச் சகஜம். புரோப் ஒரு விலா இடைவெளி மேலே இருந்தால் போதும், நீள அச்சு ஒன்றரை செ.மீ. குறைந்து தெரியும், நுனியில் உள்ள அனியூரிஸமே மறைந்துவிடும். அறுவைக்கு முன் கொள்ளளவு குறைவாகவும் பின்னால் சரியாகவும் அளந்தால், அறுவை எதுவுமே செய்யாதது போலக் காட்டும். ஆகவே டோர் பற்றி முடிவெடுக்கும் நோயாளிக்கு எம்ஆர்ஐ, இயலாவிட்டால் கான்ட்ராஸ்ட் ஊசியோடு எக்கோ அல்லது சி.டி. இதில் சமரசம் வேண்டாம்.

எம்ஆர்ஐயில் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தழும்பு சுவரின் முழுத் தடிமனிலும் உள்ளதா? அது எந்தெந்தப் பகுதிகளில்? மிக முக்கியமாக, அடிப்பகுதியும் பின்சுவரும் பக்கச்சுவரும் நன்றாகச் சுருங்குகின்றனவா? மிச்ச இதயத்தை இழுத்துச் செல்லப்போவது அந்தத் தசைதான். அது நலிந்திருந்தால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் இரண்டு வருடத்தில் அறை மறுபடி விரியும்.

ஸ்டிச் எக்கோ தரவை 2013-இல் தனியாக ஆராய்ந்தபோதும் இதே சாயல்தான். சுருக்கக் கொள்ளளவு சதுர மீட்டருக்கு 60 மி.லி.-க்குக் கீழ், இஎஃப் 33-உம் அதற்கு மேலும் இருந்தவர்கள் சீரமைப்பால் பயன்பெற்றிருக்கலாம். 90-க்கு மேல் விரிந்து இஎஃப் 25-க்கு இறங்கியவர்களுக்குச் சீரமைப்பு கெடுதல் பக்கமே சாய்ந்தது. பெரிய இதயத்துக்குத்தான் அதிகப் பயன் என்று பலர் நினைத்ததற்கு இது நேர் எதிர்.

#6 | புள்ளிக்கணக்கு

எக்கோ மேடம் "பெற்றிருக்கலாம்" என்று எழுதியதற்கு நன்றி. அது துணைக்குழு ஆராய்ச்சி, அந்த அளவுக்குத்தான் எடை.

இதோடு சேர்ந்து இன்னொன்றும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது: ஸ்டிச்சில் நான்கு மாதம் கழித்துக் கொள்ளளவு 70 அல்லது அதற்குக் கீழே வந்தவர்களில் சீரமைப்புக் குழு அதிக நாள் வாழ்ந்தது என்பது. அங்கே ஒரு பொறி இருக்கிறது. 70-க்குக் கீழே வந்தார்களா என்பது அறுவைக்குப் பிறகு தெரிவது. நான்கு மாதம் உயிரோடு இருந்து, எக்கோவுக்கு வந்தவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில். நல்ல தசை உள்ளவர்களுக்குத்தான் எண் இறங்கும், அவர்கள் எப்படியும் அதிகம் வாழ்வார்கள். 70 என்பதை அறுவையின் இலக்காக வைத்துக்கொள்ளலாம். யாருக்குச் செய்யலாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்ட முடியாது.

ஐரோப்பிய வழிகாட்டி 2014-இல் இதை "பரிசீலிக்கலாம்" என்ற பலவீனமான படியில்தான் வைத்தது: முன்சுவர்த் தழும்பு இருந்து, பின்னால் 70-க்குக் கீழே கொண்டுவர முடியும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்.

#7 | பம்ப்_மேடை

பெர்ஃப்யூஷன் (ஹார்ட்-லங் மெஷின் இயக்கும்) பக்கத்திலிருந்து, மேசையில் நடக்கும் வரிசையை எழுதுகிறேன். பின்விளைவுகள் பலவும் இங்கேதான் முளைக்கின்றன.

அறைக்குள் ரத்தக்கட்டி இருந்தால் பெருநாடி கிளாம்ப் விழும் வரை இதயத்தைத் தூக்கவோ புரட்டவோ கூடாது. கட்டி உடைந்தால் மூளைக்குப் போகும். முதலில் பைபாஸ் கிராஃப்டுகள். முன்சுவர் தழும்பாக இருந்தாலும் எல்ஏடிக்கு (முன்சுவருக்கு ரத்தம் தரும் தமனி) மார்புத்தமனி போடுவது வழக்கம், ஏனென்றால் செப்டத்தின் மேற்பகுதி அதை நம்பித்தான் இருக்கிறது. பிறகு எல்ஏடிக்கு இணையாக, சற்று இடப்பக்கம் தள்ளித் தழும்பில் திறப்பு. கட்டியை முழுவதும் எடுத்து அறையைக் கழுவ வேண்டும். கழுவிய நீரை வெளி சக்‌ஷனில் எடுக்க வேண்டும், பம்ப் ரிசர்வாயருக்கு வரக் கூடாது.

எல்லையில் 2-0 பாலிப்ரொப்பிலீன் சுற்றுத் தையல். அறைக்குள் அளவுப் பலூனை வைத்துச் சதுர மீட்டருக்கு 50 முதல் 60 மி.லி. நிரப்பி, அதன் மேலேயே தையலை இறுக்குவார்கள். 1.7 சதுர மீட்டர் உடம்புக்கு 85 முதல் 102 மி.லி. மிஞ்சும் வாய் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் டேக்ரான் அல்லது மாட்டுப் பெரிகார்டியம் ஒட்டு, குறைவாக இருந்தால் நேரடித் தையல். வெளிச்சுவரை டெஃப்லான் பட்டை வைத்து இரண்டு அடுக்காக மூடுவது. கிளாம்ப் எடுக்கும் முன் காற்றை வெளியேற்றுவதில் அவசரமே கூடாது. டிஇஇயில் (உணவுக்குழாய் வழி எக்கோ) குமிழி வருவது நிற்கும் வரை வென்ட் (அறையிலிருந்து உறிஞ்சும் குழாய்) ஓடட்டும்.

#8 | தியேட்டர்_மூன்று

பம்ப் மேடை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கொள்ளளவு மட்டும் பார்த்து வடிவத்தை விட்டால் வேலை பாதிதான் முடிந்தது. ஆரோக்கியமான கீழறை முட்டை வடிவம், குறுக்கு அச்சு நீள அச்சில் பாதியைச் சற்றுத் தாண்டும். சுற்றுத் தையலை நுனிக்கு நேர் குறுக்கே, மிக ஆழத்தில் போட்டால் அறை குட்டையாகி உருண்டை ஆகிவிடும். டோரின் ஆரம்பகால முறைக்கு எதிராக வைக்கப்பட்ட நியாயமான குற்றச்சாட்டு இதுதான். உருண்டையானால் வால்வைப் பிடித்திருக்கும் பாப்பில்லரித் தசைகள் விலகி, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு கசியத் தொடங்கும். தையலைச் சாய்வாக, செப்டம் பக்கம் பெருநாடி வாயை நோக்கி மேலேற்றிப் போட்டால் நீள அச்சு காக்கப்படும். அறையின் நீளத்தைக் காட்டும் வடிவ பலூன்கள் வந்ததும் இதற்காகத்தான்.

#9 | வைகைக்கரை

ஒரு அடிப்படைக் கேள்வி. இஎஃப் 29-இலிருந்து 39-க்கு ஏறுகிறது. பத்துப் புள்ளி பெரிய முன்னேற்றம்தானே? அப்புறம் ஏன் ஸ்டிச்சில் நோயாளிகள் அதிகம் நடக்கவில்லை, அதிகம் வாழவில்லை?

#10 | எக்கோ_அறை

கணக்குப் போட்டுப் பாருங்கள், தெளிவாகிவிடும். உடல் பரப்பு 1.7. அறுவைக்கு முன் நிறைந்த கொள்ளளவு 240 மி.லி., சுருங்கிய பின் 170. ஒரு துடிப்பில் வெளியேறுவது 70 மி.லி. இஎஃப் 29. சதுர மீட்டருக்குச் சுருக்கக் கொள்ளளவு 100.

டோர் செய்து நிறைந்த கொள்ளளவை 160 ஆக்கினோம், சுருங்கிய பின் 95 என்று வைத்துக்கொள்வோம். இஎஃப் 41. சதுர மீட்டருக்கு 56. ரிப்போர்ட்டில் எல்லாம் பிரமாதம். ஆனால் ஒரு துடிப்புக்கு வெளியேறுவது 65 மி.லி. முன்பைவிட 5 குறைவு. வகுக்கும் எண் சிறுத்ததால் இஎஃப் ஏறியது, ரத்தம் கூடவில்லை.

லாபம் வேறிடத்தில். சுவரின் இறுக்கம் என்பது அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுத்தது. ஆரம் குறைந்தால் மிச்சத் தசை மேல் சுமை குறையும், ஆக்ஸிஜன் தேவை குறையும், மேற்கொண்டு விரிவது தள்ளிப்போகும். இந்த லாபம் மெதுவாகத்தான் வரும், மிச்சத் தசை நன்றாக இருந்தால்தான் வரும்.

நஷ்டமும் உண்டு. ஒட்டும் தையலும் விறைப்பானவை. அறை சிறியது, விறைப்பு கூடியது என்றால் நிரம்பும்போது அழுத்தம் ஏறும். மெனிகாண்டி குழு ஆபத்துக் குறிகளாகக் கண்டவற்றில் ஈ/ஏ விகிதம் (அறை நிரம்பும் இரு கட்டங்களின் வேக விகிதம்) 2-க்கு மேல் போன தளர்வுக் கோளாறும் ஒன்று, மைட்ரல் கசிவும் கூட இருந்தால் இன்னும் மோசம். இஎஃப்-ஐ மட்டும் பார்த்து அறுவைக்கு அனுப்புபவர்கள் இந்த ஒரு வரியைத் தவறவிடுகிறார்கள்.

#11 | ஐசியூ_சிஸ்டர்

மேடம் சொன்னதை ஐசியூவில் முதல் இரவே பார்க்கலாம். அளவுக்கு மீறிச் சுருக்கிய அறை என்றால் சலைன் 200 மி.லி. போனாலே நுரையீரல் அழுத்தம் எகிறும், ஆனால் பிபி ஏறாது. அங்கே மேலும் மேலும் திரவம் கொடுப்பதுதான் பெரிய தவறு. துடிப்புக்கு 46 மி.லி. மட்டும் வெளியேறினால் நிமிடத்துக்கு 4.2 லிட்டர் வர 92 துடிப்பு வேண்டும், 65 வெளியேறினால் 65 துடிப்பே போதும். அதனால் மேலறை பேசிங் வயரை 90-இல் ஓடவிட்டுப் பாருங்கள், வயரைச் சீக்கிரம் கழற்றாதீர்கள். மில்ரினோன் (இதயச் சுருக்கத்துக்கு உதவும் மருந்து), தேவைப்பட்டால் பலூன் பம்ப் (பெருநாடிக்குள் வைக்கும் துணைக் கருவி). பிபி தாறுமாறாக ஏறவும் விடக் கூடாது, டெஃப்லான் வரிசையில் கசியும்.

#12 | வைகைக்கரை

நன்றி சிஸ்டர், மேடம். மைட்ரல் கசிவு பற்றி: அதையும் அதே அறுவையில் சரிசெய்துவிட்டால் நீண்டகாலத்தில் நிற்குமா?

#13 | தியேட்டர்_மூன்று

திறந்த கீழறை வழியாகவே வால்வின் பின் வளையத்தை இறுக்கலாம், மெனிகாண்டி அப்படித்தான் செய்தார். ஆனால் ரெஸ்டோரிலேயே மைட்ரல் ரிப்பேரும் சேர்ந்தவர்களின் இறப்பு 8.7 சதவீதம், சேராதவர்களுக்கு 4.0. இதில் ஒரு பகுதி அவர்கள் ஏற்கெனவே மோசமான நிலையில் வந்ததால்.

நிற்குமா என்பதற்குப் பதில் கசப்பானது. தீவிர இஸ்கீமிக் (ரத்த ஓட்டக் குறைவால் வந்த) கசிவில் வளையம் போட்டு ரிப்பேர் செய்வதையும் வால்வை மாற்றுவதையும் ஒப்பிட்ட வட அமெரிக்க ஆய்வில், இரண்டு வருடத்தில் ரிப்பேர் குழுவில் 58.8 சதவீதம் பேருக்குக் கசிவு திரும்பியது, மாற்றியவர்களில் 3.8. மரணத்தில் இரு குழுவுக்கும் கணிசமான வேறுபாடு இல்லை. அது டோர் நோயாளிகளின் ஆய்வு அல்ல, ஆனால் காரணம் ஒன்றே: வால்வில் நோய் இல்லை, சுவர் விலகி இழுக்கிறது. டோரில் பாப்பில்லரித் தசைகளை நெருக்கி வைத்தால் இழுப்புக் குறையும். பின்சுவர் மாரடைப்பும் சேர்ந்து, இதழ்கள் ஆழமாக இழுபட்டிருந்தால் நான் வளையத்தை நம்ப மாட்டேன், நாண்களைக் காத்து வால்வை மாற்றுவதே மேல்.

#14 | புள்ளிக்கணக்கு

இன்றைய மருந்துகளையும் கணக்கில் வையுங்கள். ஸ்டிச் ஆள்சேர்ப்பு 2002 முதல் 2006 வரை. இதயச் செயலிழப்புக்குச் சகுபிட்ரில்-வால்சார்டான் 2014-இலும் டாபாகிளிஃப்ளோசின் 2019-இலும் நிரூபணமாயின. இவையும் பீட்டா பிளாக்கரும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்ந்தால் அறை தானாகவே ஓரளவு சுருங்கும். அதனால் அவசரமில்லாத நோயாளிக்கு மூன்று மாதம் முழு அளவு மருந்து கொடுத்து, மறுபடி அளந்த பிறகே சீரமைப்பு வேண்டுமா என்று முடிவெடுப்பது நல்லது. தழும்பாகிப்போன சுவரை மருந்து சரிசெய்யாது என்பது உண்மை, ஆனால் எல்லைத் தசை தேறினால் அறுவை எளிதாகும்.

#15 | எக்கோ_அறை

இதை முழுவதும் ஏற்கிறேன். அறுவை முடிந்தாலும் அதே மருந்துகள் தொடர வேண்டும். "ஆபரேஷன் ஆயிடுச்சு, மாத்திரை போதும்" என்று நிறுத்துவதுதான் மறுபடி விரிவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம்.

பின்தொடர்வு: டிஸ்சார்ஜ் எக்கோ, நான்காம் மாதம், ஒரு வருடம், பிறகு ஆண்டுதோறும். ஒவ்வொரு முறையும் நிறைந்த, சுருங்கிய கொள்ளளவு, நீள-குறுக்கு அச்சு விகிதம், மைட்ரல் கசிவு, வலது கீழறை, நுரையீரல் அழுத்தம். நான்காம் மாதத்தை அடிப்படையாக வைத்து ஒப்பிடுங்கள், டிஸ்சார்ஜ் எக்கோவில் வீக்கமும் மருந்தும் குழப்பும். ஒட்டின் விளிம்பில் புது அசைவு தெரிந்தால் தையல் பிரிந்து போலி அனியூரிஸம் ஆகிறதா என்று சி.டி. எடுங்கள். தீராத காய்ச்சல் இருந்தால் ஒட்டில் கிருமி என்றே முதலில் எண்ண வேண்டும்.

ஒட்டின் உட்பரப்பு மூடும் வரை, பல மையங்களில் மூன்று மாதம், வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), ஐஎன்ஆர் (உறைதலைக் காட்டும் அளவு) 2 முதல் 3. முன்பே கட்டி இருந்தாலோ ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறையின் சீரற்ற துடிப்பு) இருந்தாலோ நீளும்.

#16 | பம்ப்_மேடை

வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (கீழறையில் எழும் வேகத் துடிப்பு) பற்றி யாரும் எழுதவில்லையே?

#17 | தியேட்டர்_மூன்று

தழும்பின் எல்லைதான் அதன் ஊற்று. முன்பே டாக்கிகார்டியா இருந்தவருக்கு எல்லையில் உள்தோலை உரித்துவிட்டு, சுற்றிலும் கிரையோ (உறையவைக்கும் சிகிச்சை) கொடுத்த பிறகே சுற்றுத் தையல் போட வேண்டும், தைத்த பிறகு அந்த இடம் கைக்கு எட்டாது. ஆனால் அதை நம்பி ஐசிடியை (உடலுக்குள் வைக்கும் ஷாக் கருவி) விட்டுவிடக் கூடாது. முன்பே ஆபத்தான டாக்கிகார்டியா வந்தவருக்கு அறுவை எப்படியிருந்தாலும் ஐசிடி தேவை. முன்தடுப்புக்காக என்றால் மூன்று மாதம் கழித்து இஎஃப் பார்த்து முடிவு. இடது கிளைத் தடை (இடது கீழறைக்கு மின்தூண்டல் தாமதமாகப் போவது) அகலமாக இருந்தால் அதோடு சிஆர்டியும் (இரு கீழறைகளையும் சேர்ந்து துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர்).

யாருக்குச் செய்வேன் என்று வைகைக்கரை கேட்டதற்கு என் பதில்: முன்சுவரில் முழுத் தடிமன் தழும்பு, சுருங்கும் நல்ல அடிப்பகுதி, எப்படியும் பைபாஸ் தேவைப்படும் ரத்தக்குழாய்கள், செயலிழப்பு அறிகுறிகள். இந்த நான்கும் சேர வேண்டும். ரத்தக்கட்டி உடைந்து வேறு ரத்தக்குழாய்களை அடைக்கிறது, டாக்கிகார்டியா மருந்துக்கு அடங்கவில்லை என்றால் தயக்கம் இன்னும் குறையும். வலது கீழறை கெட்டு, நுரையீரல் அழுத்தம் நிலையாக உயர்ந்திருந்தாலோ, தழும்பு ஒரே இடத்தில் இல்லாமல் சுவர் முழுக்கப் பரவியிருந்தாலோ செய்ய மாட்டேன். வெறும் பைபாஸ் நோயாளிக்கு "கூடவே இதையும்" என்று சேர்ப்பதை ஸ்டிச் நிறுத்தியது. அது நல்ல காரியம், புள்ளிக்கணக்கோடு எனக்கு அதில் சண்டையில்லை.

#18 | புள்ளிக்கணக்கு

ஒத்துக்கொள்கிறேன் சார். அந்த நான்கும் சேர்ந்தவர்கள் ஸ்டிச்சில் எத்தனை பேர் என்பதுதான் நம் கருத்து வேறுபாட்டின் மையம்.

எல்விஏடி (இடது கீழறைக்கு உதவும் உள்பம்ப்) ஒப்பீடு ஒன்று: அவற்றில் ஒன்றான ஹார்ட்மேட் 3-இல் ஐந்து வருட உயிர்வாழ்வு 58.4 சதவீதம். அவர்கள் இன்னும் முற்றிய நோயாளிகள் என்பதால் 68.6-ஓடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனால் 90-க்கு மேல் விரிந்து வலது கீழறையும் தளரத் தொடங்கியவர்களைச் சீரமைப்புக்கு அனுப்பி ஒரு வருடத்தை வீணாக்காமல் நேராக மாற்று இதயம், எல்விஏடி ஆலோசனைக்கு அனுப்புங்கள்.

#19 | தியேட்டர்_மூன்று

அதோடு தொடர்புள்ள ஒரு நடைமுறை விஷயம். டோர் செய்தவருக்குப் பிற்காலத்தில் எல்விஏடி வைக்கலாம், ஆனால் உறிஞ்சு குழாய் போகும் நுனியிலேயே ஒட்டு உட்கார்ந்திருக்கும். அதை வெட்டித் திறக்க வேண்டும், அறையும் சிறியதாக இருப்பதால் குழாய் செப்டத்தில் முட்டி அடைபடும் ஆபத்து உண்டு. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் "டோர் செய்யப்பட்டது" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். ஒட்டின் பொருள், நீள அகலம், பலூனில் நிரப்பிய மி.லி., சுற்றுத் தையல் எந்த மட்டத்தில், மைட்ரலில் என்ன செய்யப்பட்டது, வளைய எண், கிரையோ கொடுத்த இடம், எல்ஏடி கிராஃப்ட் எந்தப் பகுதியில் சேர்ந்தது, மார்பெலும்புக்குப் பின்னால் அது எவ்வளவு தள்ளி ஓடுகிறது. இவை எல்லாம் எழுதிய காகிதம் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து மறுபடி மார்பைத் திறப்பவர் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் இருப்பார்.